அம்மா வைத்த நாலு சூடு

1

சாம் அனுப்பிய குரல்செய்தியை வேலைக்குப் போகிற பஸ்ஸில் வைத்துக் கேட்டேன். "ம்", "சரிப்பா", "டியூஷன் இருக்கு" என்பதற்கு மேல் அவன் என்னிடம் பேசி ரொம்ப நாளாயிற்று. அதனால் இவ்வளவு நீளமான செய்தியைப் பார்த்ததும் சந்தோஷமாகத்தான் காதில் வைத்தேன்.

"யப்பா, ஸ்கூல்ல ஒருத்தன் சொல்லுதான். முக்கூடல் பொண்ணு ஒண்ணு கனடா போயி, பெத்த தாயவே பொய்க்காரியாக்கி அங்கன இருக்க விசா வாங்கிட்டாளாம். அவளுக்குத் துணை நீங்கதானாம். ‘ஏலே, ஒங்கப்பா ஆஸ்பத்திரியில தரைய மட்டும் தொடைக்கல, ஒரு குடும்பத்தையும் சேத்துத் தொடைச்சிட்டாரு’ன்னு எல்லாரு முன்னாலயும் சொல்லிச் சிரிக்கான். நெசமாப்பா?"

பின்னால் அவன் அக்கா ஜெனிபாவின் குரலும் கேட்டது. "கேக்காதலே, அப்பா சங்கடப்படுவாவ."

சங்கடம்தான். போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் உங்களுக்கு டியூஷன் வந்துவிடும், எனக்கு வேலைக்கு நேரமாகிவிடும். அதனால் எழுதுகிறேன். சாமுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும். விக்கிரமசிங்கபுரத்தில் இருந்துகொண்டே அப்படி! ஜெனிபா, நீ வாசித்துக் காட்டு. பத்தாவது பெயிலான மனிதன் எழுதுவது, பிழை இருக்கும். சின்னப் பிள்ளைகளுக்கு எழுதக்கூடிய விஷயமும் இல்லை. ஆனால் அது உங்கள் பள்ளிக்கூடம்வரை வந்துவிட்டது. பொய்யாக வந்ததை நிஜமாகவும் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று. பாபநாசத்தில் குளிக்கும்போது என் வயிற்றைத் தொட்டு, "இது என்னப்பா, சட்டைப் பித்தானா?" என்று சாம் கேட்பான், ஞாபகம் இருக்கிறதா? தொப்புளைச் சுற்றி நாலு தழும்பு. கைக்குழந்தையில் எனக்குக் காமாலை வந்ததாம். மஞ்சள் கிழங்கைத் தீயில் சுட்டு, அந்தச் சூட்டோடு வயிற்றில் நாலு இடத்தில் வைத்தார்கள். நம் பக்கத்தில் என் வயதுக்காரர்கள் பலருக்கும், வயது குறைந்தவர்களில் சிலருக்கும் இது உண்டு. டாக்டர்கள் கூடவே கூடாது என்கிறார்கள். உங்களுக்கு நாங்கள் வைக்கவில்லை. இந்த நாலு தழும்பை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கதை அதில்தான் இருக்கிறது.

2

போன குளிர்காலம். இங்கே எங்கள் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் நோயாளிகள் காத்திருக்கிற இடத்தில் தரை துடைத்துக்கொண்டிருந்தேன். வெளியே பனி முழங்கால் உயரம். பூட்ஸோடு வருகிறவர்கள் கொண்டுவருகிற பனி உருகி உருகித் தரையெல்லாம் சேறாகும். துடைத்த இடத்தையே துடைக்க வேண்டும்.

மூலை நாற்காலியில் ஒரு பெண் ரப்பர் செருப்போடு இருந்தாள். அந்தப் பனியில் ரப்பர் செருப்பு! சாய்ந்து உட்காராமல் நுனியில் இருந்தாள். யாரோ கடந்து போகும்போது முதுகில் இடித்துவிட்டார்கள். "யாத்தே" என்றாள். சத்தமே இல்லாமல்தான் சொன்னாள். ஆனால் அந்தச் சொல் எனக்கு எந்தக் கூட்டத்திலும் கேட்கும்.

"எந்த ஊரு தாயி?" என்றேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை, மாப்பைத்தான் பார்த்தாள். கூலிக்காரன் என்று தெரிந்த பிறகுதான் வாய் திறந்தாள்.

"முக்கூடலு."

"இங்கன யாரு வீட்டுல இருக்க?"

"சொன்னா போலீசு வந்து என்னயப் பிடிச்சிட்டுப் போயிரும்னு அக்கா சொல்லிருக்காவ."

அவள் பெயர் செல்வி. இருபத்திரண்டு வயது. பீடி சுற்றிக்கொண்டிருந்தவள். அப்பா இல்லை. அம்மாவும் ஒரு தங்கையும் முக்கூடலில் இருக்கிறார்கள். அக்கா என்று அவள் சொன்னது கோமதியை. கோமதியும் புருஷனும் நம் ஜில்லாக்காரர்கள்தான். இங்கே மளிகைக் கடை வைத்திருக்கிறார்கள். நல்லெண்ணெய், இட்லி மாவு, முறுக்கு எல்லாம் அங்கேதான் நாங்கள் வாங்குவோம். முறுக்கைக் கடித்துக்கொண்டே, "கோமதியக்கா கைப்பக்குவமே தனி" என்று எல்லோரும் சொல்வோம். அது செல்வியின் கை. கடைக்குக் கீழே ஜன்னல் இல்லாத அறையில், மாவரைத்து, முறுக்குச் சுட்டு, அங்கேயே சாக்கு விரித்துப் படுத்திருக்கிறாள். கடை வேலைக்கென்று கூட்டி வந்தவள் கோமதிதான், பாஸ்போர்ட்டும் அவளிடம். குப்பை போட வெளியே வந்தவள் அப்படியே நடந்து, வந்த பஸ்ஸில் ஏறிவிட்டாள். கையில் காசு இல்லை. தோள் புண்ணில் ஒட்டியிருந்த சட்டையைக் காட்டியிருக்கிறாள். டிரைவர் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்.

3

அவளைப் பார்க்க வந்தவர் டெனிஸ் என்கிற நர்ஸ். ஐம்பது வயது இருக்கும். சாதாரண நர்ஸ் புண்ணுக்கு மருந்து போடுவார். இவர் மருந்தும் போடுவார், அந்தப் புண் எப்படி வந்திருக்கும் என்றும் பார்த்து, அளந்து, படம் எடுத்துப் பத்திரப்படுத்துவார். அடிபட்டு வருகிறவர்கள், சொந்த நாட்டில் சித்திரவதைப்பட்டு ஓடி வருகிறவர்கள், வீட்டுக்குள்ளேயே வதைபட்டவர்கள், இவர்களுக்கென்றே படித்த நர்ஸ். நாளைக்கு விசாரணையில் "நீ சொல்வது பொய்" என்று யாராவது சொன்னால் பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான்.

நான் மொழிபெயர்க்கிறேன் என்றேன். கூடாது என்றார். தெரிந்தவர், சொந்தக்காரர், ஆஸ்பத்திரிக் கூலியாள் யாரும் மொழிபெயர்க்கக் கூடாது என்று சட்டமாம். போனில் ஒரு மொழிபெயர்ப்பாளரைப் பிடித்து மேசையில் வைத்தார். யாழ்ப்பாணத்துப் பெண் குரல். செல்வி என் மாப்புக் கம்பைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அதனால் திரைக்கு வெளியே, முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார எனக்கு அனுமதி கிடைத்தது.

டெனிஸ் ஒவ்வொன்றுக்கும் கேட்டார். தோளைப் பார்க்கலாமா? தொடலாமா? படம் எடுக்கலாமா? வேண்டாம் என்றால் உடனே நிறுத்திவிடுவேன் என்றார். போனுக்குள்ளிருந்து குரல் சொல்லும்: "பிள்ளை, உங்கட முதுகைப் பாக்கலாமோ எண்டு கேக்கிறா."

செல்வி திரைக்குள்ளிருந்து என்னிடம் கேட்டாள். "அண்ணாச்சி, இவுக எதுக்கு ஒண்ணொண்ணுக்கும் கேக்காவ? பாத்துட்டுப் போவ வேண்டியதுதான?"

"கேட்டுத்தான் செய்யணுமாம் தாயி."

"என்னயவா?" என்றாள்.

உள்ளே நடந்ததைச் செல்வி பிற்பாடு சொன்னாள். அவள் போட்டிருந்த சட்டையைப் பிளாஸ்டிக் பையில் போடாமல் காகிதப் பையில் போட்டு ஒட்டினார். பிளாஸ்டிக்கில் வியர்த்துத் தடயம் கெட்டுவிடுமாம். ஒவ்வொரு தழும்புக்கும் பக்கத்தில் சின்ன அளவுகோல் வைத்துப் படம் எடுத்தார். அவசரமே இல்லை. ஒரு இடத்தில் செல்வி மூச்சை இழுத்தாள். கேமராவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

முதுகு, தோள், தொடை முடிந்து வயிற்றுக்கு வந்தார்கள். "இவை எப்படி வந்தன?"

செல்வி சிரித்தாள். திரைக்கு வெளியே இருந்த எனக்கு நன்றாகக் கேட்டது. அன்றைக்கு அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

"தொப்புளச் சுத்தி நாலும் எங்கம்மா வச்சது. காமாலையில கண்ணு சொருகிக் கெடந்தேனாம். அதுலதான் பொழச்சேன்னு சொல்லுவா. அந்த நாலையும் அக்கா கணக்குல எழுதிராதீய, பாவம் எங்கம்மா."

4

அக்கா கணக்கு எப்படி வந்தது என்பதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன். ஜெனிபா, சாமுக்கு இதை நீ வாசிக்கும்போது முகத்தைப் பார்த்துக்கொள். வேண்டாம் என்றால் தாண்டிப் போ.

வந்த அன்றைக்குக் கோமதி அவளைக் குளிக்கவைத்தாள். வயிற்றுத் தழும்பைப் பார்த்துவிட்டு, "ஏளா, எனக்கும் இருக்கு பாரு" என்று தன் சேலையை விலக்கிக் காட்டினாள். அதே நாலு. செல்விக்குக் கண்ணீர் வந்துவிட்டது. சொந்த அக்கா வீட்டுக்கு வந்த மாதிரி இருந்ததாம்.

முறுக்கு கருகிய அன்றைக்கு முதல் சூடு. ஜல்லிக்கரண்டிக் காம்பின் நுனி வட்டமாக இருக்கும். அடுப்பில் காய்ச்சி வைத்தாள். அம்மா வைத்த நாலுக்குப் பக்கத்திலேயே ஐந்தாவதாக வைத்தாள்.

"யாருட்டயாவது காட்டுனேன்னு வையி, ஒங்கம்மா வச்சதும்பேன். எவ நம்ப மாட்டா? ஊருக்கே தெரியும்லா, நம்ம பக்கத்துல சூடு வைப்பாவன்னு."

வெள்ளைக்காரிக்கு இது தோன்றியிருக்காது. நம் ஊரில் பிறந்து, அதே மஞ்சளில் சுடுபட்டுப் பிழைத்தவளுக்குத்தான் தோன்றும். பிறகு மாவு புளித்தால் ஒன்று, தூங்கிவிட்டால் ஒன்று, தங்கையோடு பேச வேண்டும் என்று அழுதால் ஒன்று. புருஷன் மாடிப்படியில் நின்று, "சத்தம் கடைக்குக் கேக்கு, பைய" என்பானாம். அவ்வளவுதான் அவன் சொன்னது.

டெனிஸ் கடைசியில் ஒன்று சொன்னார். குரல் அதைத் தமிழில் சொன்னது: "பிள்ளை, ஆர் செய்தது எண்டு எழுத எனக்கு உரிமை இல்லை. நீங்கள் சொல்லுறதுக்கும் காயத்துக்கும் பொருத்தம் இருக்கோ எண்டுதான் நான் எழுதலாம். ஆர் எண்டு நீங்கள்தான் சொல்ல வேணும்."

"சொல்லுதேன்" என்றாள் செல்வி. "எங்கயும் சொல்லுதேன்."

5

கோமதி மேல் போலீஸ் வழக்குப் போட்டது. அது இன்னும் நடக்கிறது, கடையும் நடக்கிறது. செல்வி இந்த நாட்டில் தங்கலாமா கூடாதா என்பது தனி விசாரணை. விண்ணப்பம், கைரேகை, மறுபடி விண்ணப்பம். நான் உங்களையும் அம்மாவையும் கூப்பிட்டுக்கொள்ளப் போட்ட விண்ணப்பம் எந்த மேசையில் கிடக்கிறதோ, அதே மாதிரி ஒரு மேசையில் அவள் விண்ணப்பமும் கிடந்தது. அவள் ஒரு பெண்கள் விடுதியில் இருந்தாள்.

இங்கே நம் ஆட்கள் என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக் காரில் கூட்டிப்போகிறவர், "இடம் இல்ல வே" என்றார். பின் சீட்டு காலியாகத்தான் போனது. கடைக்குப் போய் வந்த ஒருவர் என்னிடம் வருத்தப்பட்டார்: "முறுக்கு முன்ன மாதிரி இல்ல வே. கரகரன்னு இருக்கும், இப்போ சவச்சவன்னு இருக்கு." செல்வியைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

விசாரணைக்குப் போன செல்வியோடு துணைக்கு ஒருவர் போகலாம் என்றார்கள். நான் போனேன். ஒரு அதிகாரி, செல்விக்கு அரசாங்கம் வைத்துக் கொடுத்த வக்கீலம்மா, சாட்சிக்கு டெனிஸ், போனில் மொழிபெயர்ப்பு. கோமதி தரப்பிலிருந்து ஒரு வீடியோ வந்திருக்கிறது, போட்டுக் காட்ட வேண்டும் என்றார் அதிகாரி.

வீடியோவில் செல்வியின் அம்மா. முக்கூடல் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்திருந்தார்கள். அந்த அம்மா நாற்காலியில் உட்கார்ந்து பழகியவர் இல்லை என்று பார்த்தாலே தெரிந்தது. எடுத்தவன் கோமதியின் தம்பி. அவன் குரல் மட்டும் வந்தது: "சொல்லுங்க, ஒங்க மவ உடம்புல இருக்க சூடெல்லாம் யாரு வச்சது?"

"நாந்தான் வச்சேன்."

"வயித்துல மட்டுமா?"

"வயித்துல, முதுகுல, தோளுல... எல்லாம் நாந்தான். சின்னப் பிள்ளையில சீக்குக்காரி. கோமதி தங்கமானவ. எம்பிள்ளைக்கு ஒரு கொறையும் வைக்கல."

அவர்கள் வீடு கோமதி குடும்பத்து மனையில் இருக்கிறது. அந்தத் தம்பி இதை வீடியோவில் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

அதிகாரி செல்வியிடம் கேட்டார். "உங்கள் அம்மா சொல்வது பொய்யா?"

பிள்ளைகளே, அந்த அறையில் அவள் ‘ஆமாம்’ என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். வக்கீலம்மா அதைத்தான் முந்தின நாள் முழுக்கச் சொல்லிக்கொடுத்திருந்தார். செல்வி நின்றுபோன வீடியோவையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் அம்மா பாதி வாய் திறந்தபடி இருந்தார்.

"எங்கம்மா பொய் சொல்ல மாட்டா" என்றாள்.

"அப்படியானால் முதுகில் இருப்பதும் அம்மா வைத்ததா?"

"அம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்."

போனில் இருந்த மொழிபெயர்ப்புக் குரல் அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னது. வக்கீலம்மா கையிலிருந்த பேனாவை மேசையில் வைத்துவிட்டார். ஊரில் நாலு பேர் முன்னால் பெற்றவளைப் பொய்க்காரி என்று எந்தப் பிள்ளையும் சொல்லாது. இங்கே அது செல்லாது. இங்கே அவள் தன் கையாலேயே தன்னைத் திருப்பி அனுப்பிக்கொண்டாள்.

அடுத்து டெனிஸைக் கேட்டார்கள். அவர் செல்வியைப் பார்க்கவே இல்லை. படங்களை வரிசையாக வைத்தார். குழந்தையின் தோலில் வைத்த சூடு குழந்தையோடு சேர்ந்து வளரும் என்றார். தொப்புளைச் சுற்றியிருக்கிற நாலும் அப்படி வளர்ந்து, இழுபட்டு, ஓரம் மங்கிப்போய் இருக்கின்றன. மற்ற எதுவும் வளரவில்லை. எல்லாம் ஒரே அளவு, ஒரே வட்டம். சிலவற்றில் நிறம்கூட இன்னும் மாறவில்லை. தான் பார்த்த அன்றைக்குத் தோளில் இருந்தது பச்சைப் புண் என்றார்.

தோளில் இருந்தது முறுக்குச் சுடும்போது எண்ணெய் தெறித்தது என்று கோமதி தரப்பில் எழுதியிருக்கிறதே என்றார் அதிகாரி. தெறித்த எண்ணெய் வழியும் என்றார் டெனிஸ். இது வழியவில்லை, அழுத்தப்பட்டிருக்கிறது.

"இந்தப் பெண்ணே அம்மா வைத்தது என்கிறாரே?"

"அவர் சொன்னதை நானும் கேட்டேன். தோலில் நான் பார்த்ததைத்தான் நான் சொல்ல முடியும்" என்றார் டெனிஸ்.

செல்வி குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சொல்லும் அவளுக்கு விளங்கியிருக்காது. போனில் அதை அவளுக்குத் தமிழில் சொல்லச் சொல்ல, முந்தானையால் வயிற்றை இழுத்து மூடிக்கொண்டாள்.

6

சில வாரம் கழித்து அனுமதி வந்தது. அவள் சொன்னதை ஒதுக்கிவிட்டு டெனிஸ் சொன்னதை எடுத்துக்கொண்டிருந்தார்கள். செல்வி சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். "அம்மாட்ட ஒரு வார்த்த பேசணும் அண்ணாச்சி" என்றாள். என் போனில் பிடித்துக் கொடுத்தேன். ஸ்பீக்கரில் போட்டு மடியில் வைத்துக்கொண்டாள்.

"யாரு?"

"யம்மா, நாந்தான் செல்வி."

பின்னால் பஸ் சத்தம் கேட்டது.

"எங்கன இருக்க? வீட்டுல இல்லியா?"

"வீடு எங்கன இருக்கு? பூட்டிட்டாவ. சாமானத் தூக்கி வாசல்ல போட்டாவ. நானும் தங்கச்சியும் சீவலப்பேரில ஒங்க மாமன் வீட்டு மாட்டுக் கொட்டகையில கெடக்கோம். போதுமாட்டி?"

"யம்மா, நான் ஒன்னயப் பொய்யின்னு சொல்லலம்மா. சத்தியமாச் சொல்லல. அண்ணாச்சிட்ட கேளு."

நான் குனிந்து போனில் சொன்னேன். "ஆமாம்மா. ஒங்க மவ அப்படிச் சொல்லல. நான் பக்கத்துல இருந்தேன்."

"அவ சொல்லாம எப்பிடி அங்கன இருக்கச் சொன்னாவ? எனக்கு என்ன கிறுக்கா? ஊரு பூரா காறித் துப்புது. நான் என்ன எனக்காவா சொன்னேன்? இந்தச் சின்னவளுக்கு ஒரு கூரை வேணுமேன்னு சொன்னேன்."

"யம்மா, என் முதுகு..."

"ஒன் முதுகு ஒன் முதுகுன்னு எங்களத் தெருவுல விட்டுட்டேல்லா. அன்னைக்குக் காமாலையில கண்ணு சொருகிக் கெடந்த பாரு, அப்பவே விட்டிருக்கணும். வீல்வீல்னு நீ கத்தக் கத்தப் பிடிச்சு வச்சுச் சூடு போட்டேனே, எம்புத்தியச் செருப்பால அடிக்கணும்."

போனை வைத்துவிட்டார். செல்வி மறுபடி கூப்பிட்டாள். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டபோது போன் அணைந்திருந்தது.

சாம், உன்னோடு படிக்கிறவன் சொன்னதில் எது நிஜம் என்று இப்போது உனக்குத் தெரியும். அவனிடம் விளக்க வேண்டாம். சிரித்தால் சிரிக்கட்டும். நீ சிரிக்காமல் இருந்தால் எனக்குப் போதும். நான் தரை துடைக்கிறவன்தான். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஜெனிபா, அம்மாவிடம் ஒன்று சொல். சீவலப்பேரிக்கு ஒரு நடை போய் அந்த அம்மாவையும் பிள்ளையையும் பார்த்துவிட்டு வரட்டும். திட்டினாலும் கேட்டுக்கொள்ளட்டும்.

7

போன வாரம் தழும்புகளைப் பார்க்கிற மறுபரிசோதனை. அரிப்புக்குக் களிம்பும், தடித்துப்போன இடத்தில் ஒட்டுகிற பட்டையும் கொடுப்பார்கள். டெனிஸ்தான் பார்த்தார். போனில் அதே யாழ்ப்பாணத்துக் குரல். திரைக்கு வெளியே அதே நாற்காலியில், முதுகைக் காட்டிக்கொண்டு நான்.

கோமதி மேல் உள்ள வழக்குக்காக ஒவ்வொரு தழும்பையும் ஒருமுறை கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும் என்றார் டெனிஸ். தொடலாமா என்று கேட்டார். செல்வி இப்போது அதற்கு ஆச்சரியப்படவில்லை. "தொடுங்க" என்றாள்.

"தோள்?"

"கோமதி."

அக்கா என்று சொல்லவில்லை.

"முதுகு, மேலே?"

"கோமதி. மாவு புளிச்சதுக்கு."

"முதுகு, கீழே?"

"கோமதி. தங்கச்சிட்ட பேசணும்னு கேட்டதுக்கு."

குரல் உடையவே இல்லை. ஒன்றையும் விடவில்லை. விசாரணையில் சொல்ல வேண்டியதையெல்லாம் இங்கே சொன்னாள். வயிற்றுக்கு வந்தார்கள். பக்கத்திலேயே இருக்கிற ஐந்தாவதுக்குக் "கோமதி" என்றாள்.

"தொப்புளைச் சுற்றி இருக்கிற நாலும்?"

திரைக்குப் பின்னால் துணியை இழுத்து மூடுகிற சத்தம் கேட்டது.

"தெரியாது."

போனிலிருந்த குரல், டெனிஸ் கேட்காமலேயே கேட்டுவிட்டது. "தெரியாதோ பிள்ளை? போன முறை அம்மா எண்டு சொன்னனீங்கள்."

"யாரு வச்சதுன்னு தெரியாது" என்றாள் செல்வி. "அடுத்ததப் பாருங்க."